தலையாட்டாத மாமனார்

“அப்பா இன்னிக்கு ஒரு மாதிரி இருப்பாரு. அதப்பத்தி எதுவும் கேட்டுடாதீங்க, ப்ளீஸ்” என்று வாசலிலேயே காதைக் கடித்தாள் காதலி. பெண் கேட்டு வந்த டாக்டர் சரியென்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் நரம்பியல் மேல்படிப்பில் கடைசி வருடம். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டாலும், அதற்கொரு வியாதியைக் கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டார்.

உள்ளேயிருந்து பெண்ணின் அப்பா வந்தார். நெட்டுக்குத்தலாக, கையை வீசாமல், அடிமேல் அடி வைத்து நடந்தார். சோபா அருகே வந்ததும் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு மொத்தமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

‘பார்க்கின்சன்!’ என்றது டாக்டரின் மனசு. அப்படியென்றால் முதுகு கூன வேண்டுமே, சும்மா இருக்கும் கை நடுங்க வேண்டுமே? பெரியவரின் கை முழங்கால்மேல் கல்லாகக் கிடந்தது.

திடீரென்று பெரியவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அடுத்த நிமிடமே நெற்றியில் வியர்வை ஊற்றியது. வியர்வையையும் ரத்த அழுத்தத்தையும் குழப்பிவிடும் இன்னொரு வியாதி உண்டு. ஆனால் அதில் எழுந்ததும் தலை சுற்றும். இவர் தள்ளாடவே இல்லை.

“எனக்கு என்ன வயசிருக்கும்னு நெனைக்கிறீங்க தம்பி?” என்றார் பெரியவர்.

அடப்பாவமே, சொந்த வயதே மறந்துபோச்சா! டாக்டர் வேண்டுமென்றே பேனாவைக் கீழே போட்டார். “சார், உங்க கால்கிட்ட விழுந்திருச்சு.”

பெரியவர் குனியவில்லை. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. புருவம் ஏறி, இமை கொட்டாமல், பேயைப் பார்த்தவர் மாதிரி எதிர்ச் சுவரையே வெறித்தபடி, காலால் துழாவிப் பேனாவைத் தள்ளிவிட்டார்.

சந்தேகமே இல்லை. கண் கீழே இறங்காது, கழுத்து வளையாது, முகத்தில் நிரந்தரத் திகைப்பு. பார்க்கின்சன் மாதிரியே வேஷம் போட்டு டாக்டர்களை ஏமாற்றும் பி.எஸ்.பி. என்ற மூளை நரம்பு வியாதிதான். மாத்திரைக்கும் லேசில் மசியாது.

சமையலறையிலிருந்து காதலியின் அடக்கிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பாவம், விஷயம் தெரியாமல் சிரிக்கிறாள்.

“சார், என்ன வியாதி வந்தாலும் நான் இருக்கேன். கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவேன், ஊட்டி விடணும்னாலும் ஊட்டி விடுவேன். உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?”

பெரியவரின் கண் கலங்கிவிட்டது. ஆனால் தலை இப்படியும் ஆடவில்லை, அப்படியும் ஆடவில்லை.

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. “பிடிக்கலையா சார்? பேச வேண்டாம், ஒரே ஒரு தடவ தலையாட்டுங்க, போதும்.”

பெரியவர் டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக் கிசுகிசுத்தார்.

“சம்மதந்தான் மாப்பிள்ளை... தலையத்தான் ஆட்ட முடியல, விக்கு ஒட்டின பசை இன்னும் காயல!”