பகல் காவல்

"அவன்கிட்டயா வேலைக்குப் போகப் போறீங்க? உங்களைப் பாத்தா விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சவன்கிட்டயா?" என்றாள் மனைவி.

"அவன் எங்க விறைப்பா நின்னான்? கரண்டியோட வளைஞ்சு நிப்பான்," என்றார் சார்ஜண்ட்.

பட்டாளத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பென்ஷனுக்குக் கொஞ்ச காலம் பாக்கி இருக்கும்போதே, குடும்பத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று வெளியே வந்துவிட்டவர். அதனால் பென்ஷன் இல்லை, பட்டாள ஆஸ்பத்திரியும் இல்லை. நெஞ்சிளைப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளாக ஏறி இறங்கிப் பார்த்தார்கள். 'ஏற்கெனவே நுரையீரல் நோயா? மன்னிக்கணும்' என்றது ஒன்று. இன்னொன்று சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் அந்த நோய்க்கு நாலு வருஷம் கழித்துத்தான் பணம் தருமாம். பிரீமியமோ வீட்டு வாடகையைத் தாண்டியது.

"நாலு வருஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும் போல," என்று திரும்பும் வழியில் அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை இழுத்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் புகை போன் செய்தான். புகை, அவர் யூனிட்டின் சமையல்காரன். ஈர விறகோடு மல்லாடியே அந்தப் பெயரை வாங்கியவன். இப்போது லாரி முதலாளி.

"குடோனுக்குப் பகல் காவல், சார்ஜண்ட். நாற்காலி உண்டு. லேட்டா வந்தா சம்பளத்துல பிடிப்பேன். பழைய பழக்கமெல்லாம் பாக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த அவளுக்கும் கேட்டது.

"சோத்தைத் தீச்சுட்டான்னு அவனை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டீங்களே, அதுக்குப் பழி வாங்குறான்."

"வாங்கட்டுமே. பாவம், நல்லா ஓடினான்."

போனார். தினமும் நேரத்துக்கு முன்னாலேயே போனார். சாயங்காலம் வரும்போது முகம் தெளிந்திருக்கும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், பட்டாளத்தில் காவல் நின்ற மலை உச்சிப் போஸ்ட்டின் கதை வந்துவிடும்.

"ஒரே ஒரு தகரக் குவளை. டீ கை மாறிக் கை மாறிக் கடைசி ஆளுக்கு வரும்போது ஐஸ் ஆயிடும். அதனால ஒரு நாள் இந்தப் பக்கத்துலேர்ந்து, மறுநாள் அந்தப் பக்கத்துலேர்ந்து. நடுவுல நிக்கிறவனுக்குத்தான் யோகம், என்னைக்கும் வெதுவெதுன்னு கிடைக்கும்."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"சார்ஜண்ட் நடுவுல நிக்க முடியுமா?"

அவள் குழம்பை ஊற்றினாள். "அது கிடக்கட்டும். அந்தக் குடோனுக்குள்ள என்னதான் இருக்கு?"

"கேக்கலை."

"இத்தனை மாசமா கேக்கலையா?"

"காவல் நிக்கிறவன் உள்ளே என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது. பூட்டைப் பாத்தா போதும்."

"நல்லா இருக்கு உங்க பட்டாளத்துச் சட்டம்."

மழைக்காலம் பிறந்ததும் இளைப்பு முற்றி, பேச்சே வராமல் போயிற்று. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பணம் கட்டும் ஜன்னலில் கேட்டார்கள் என்று அவருடைய கம்பெனி அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இவர் வேலை பாக்கற கம்பெனியில குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கும்மா," என்றாள் உள்ளே இருந்த பெண். "அதுல பழைய நோய், புது நோய்னு பாக்க மாட்டாங்க. சேர்ந்த நாள்லேர்ந்தே எல்லாம் உண்டு. நீங்க எதுவும் கட்ட வேண்டாம்."

மறுநாள் அவருக்கு மூச்சு சீரானது. முதல் வார்த்தையே, "பூட்டு" என்றார். "போய் ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு வா."

அந்த நிலைமையில் அவரோடு வழக்காட முடியாமல் கிளம்பிப் போனாள். குடோன் வாசலில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தாள். கதவில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. கண்ணை வைத்தாள்.

வெறும் தரை. சுவர். ஒரு மூட்டை, ஒரு பெட்டி கிடையாது.

"என்ன பாக்கறீங்க அண்ணி?"

பின்னால் புகை நின்றிருந்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே."

"சரக்கு வரும்."

"எப்போ?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"இங்க முறை போட்டுக் காவலுக்கு இருக்கிற மூணு பேருமே எங்க யூனிட்தான் அண்ணி. ஒருத்தனுக்கு கிட்னி, ஒருத்தனுக்கு இருதயம். தனியாப் போனா எவன் இன்ஷூரன்ஸ் தரான்? வேலைக்குன்னு எடுத்தாத்தான் கம்பெனி பாலிசியில சேர்க்க முடியும்."

அவள் பூட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"மலை உச்சியில சின்னப் போஸ்ட் அது. சமையல்காரனுக்கும் காவல் முறை உண்டு. நான் ஜுரத்துல கிடந்தப்ப என் முறையையும் சேர்த்து சார்ஜண்ட்தான் நின்னார், அந்தப் பனியில. அந்தக் குளிர்தான் இப்ப நெஞ்சுல உக்காந்திருக்கு. அவருக்கு ஞாபகம்கூட இருக்காது." குரலைத் தாழ்த்தினான். "காலின்னு மட்டும் சொல்லிடாதீங்க. சும்மா உக்காந்து சம்பளம் வாங்கற ஆளா அவரு? மறுநாளே வேலையை விட்டு நின்னுடுவாரு."

ஆஸ்பத்திரியில் அவர் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு?"

"பத்திரமா இருக்கு. கதவு இடுக்குல உள்ளேயும் பாத்தேன்."

"அதெல்லாம் பாக்கக் கூடாது," என்று முறைத்தார்.

"தெரியாம பாத்துட்டேங்க. கூரை முட்ட மூட்டை அடுக்கியிருக்கு. சீக்கிரம் எழுந்து டூட்டிக்குப் போற வழியைப் பாருங்க."