தவுக்கே வேஷம்

கண்ணோரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வையில் மறுபடி கழன்றது. ஒப்பனைக்காரப் பெண் ஓடிவந்து இழுத்து ஒட்டினாள். சீனனாகப் பிறந்தவனுக்குச் சீனக் கண் போதவில்லையாம்.

பல்லில் மிட்டாய்த் தாள் தங்கமாக மின்னியது. புதுப் பனியனில் கத்தரியால் ஓட்டை போட்டிருந்தார்கள்.

மலேசியாவில் எந்த மலாய்ப் படத்திலும் மளிகைக் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, நான்தான். ரயில்வேயில் கொடி காட்டி ஓய்வுபெற்ற நாளிலிருந்து இதுவே வேலை. இதுவரை நான் எடையில் அமுக்கிய சர்க்கரையைக் கொட்டினால் மலாக்கா நீரிணை பாயசமாகிவிடும். படம் முடிவதற்குள் என்னைக் கொன்றுவிடுவார்கள், இல்லையென்றால் திருத்திவிடுவார்கள். கொல்வதே தேவலாம். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

இயக்குநர் ஷாருல் பேசும் மலாயும் என் வீட்டு மலாயும் ஒன்றுதான். ஆனால் காமிரா ஓடினால் நான் நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியவன் மாதிரி தடுக்கி விழ வேண்டும்.

"இம்புட்டு நல்லாப் பேசாதீங்க தவுக்கே, யாரும் நம்ப மாட்டாங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அதுகூடப் பழகிப்போனது. இன்று மக்கர் செய்தது கை.

கதையில் பஞ்ச காலம். அரிசி கேட்டு வரும் மலாய்த் தாயை நான் கடைக்கு வெளியே தள்ள வேண்டும். தாயாக நடிப்பவர் ஹாஜா ரொகாயா. அவர் அழுதால் நாடே அழும். சுவரொட்டிகூட நனைந்து உரிந்துவிடும். அசல் மலாய்த் தாய் முகம் என்று ஷாருல் காலையிலிருந்து உருகிக்கொண்டிருந்தார்.

அவர் நடிக்கிறார் என்று கேள்விப்பட்டு நானாகவே போய்க் கேட்டு வாங்கிய வேஷம் இது. அவரோடு ஒரே காட்சியில் என் முகமும் தெரிய வேண்டும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுவேன். பாதியில் நின்றுவிடும்.

முட்டி இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. ஷாருலுக்கும் அலுத்துவிட்டது. இந்தத் தடவையும் கெட்டால் அம்மாவைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன், தவுக்கேயின் தராசை மட்டும் காட்டினால் போதும், முகம் தேவையில்லை என்றார்.

ரொகாயா ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். சொந்தமில்லாத ஆணின் கை தன்மேல் படக்கூடாது என்பது எல்லாப் படத்திலும் அவர் போடும் நிபந்தனை. புருஷனாக நடிப்பவன்கூட ஒரு முழம் விலகி நின்றுதான் கொஞ்ச வேண்டும். அதனால் காலி அரிசிச் சாக்கு ஒன்றை இடையில் பிடித்துக்கொண்டு தள்ளச் சொல்லியிருந்தார்கள்.

காமிரா தயாரானது.

ரொகாயா என் கையிலிருந்த சாக்கை வாங்கிக் கீழே போட்டார்.

ஷாருல் பதறிப்போய், அம்மா உங்கள் நிபந்தனை, என்று இழுத்தார். தெரியும், கையாலேயே தள்ளட்டும் என்றார் அவர். விளக்குப் பிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீ தள்ளுனாத்தாண்ணே படத்துல ரெண்டு பேரும் இருப்போம். தள்ளு."

சீனக் கணக்கில் புலி வருஷத்தில் பிறந்த பெண் அப்பனைத் தின்றுவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். நான் சின்னப் பையனாக இருந்தபோது, துணியில் சுற்றிய தங்கச்சியை அம்மா வேலிக்கு மேலே நீட்டினாள். பிள்ளையில்லாத பக்கத்து வீட்டு மலாய்க்காரி வாங்கிக்கொண்டாள். இரண்டு வீடும் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் ஒன்றில்கூட அவள் இல்லை.

பலம்கொண்ட மட்டும் தள்ளினேன்.