எத்தனையோ சாரி

ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் எதிர் சீட்டைப் பார்த்தான்.

அக்கா.

இறங்க முடியாது. வண்டி கிளம்பிவிட்டது.

அக்கா மகள் மேகலாவின் கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. தாய்மாமன் அவன். சீர்த்தட்டோடு முதல் ஆளாக மண்டபத்தில் நிற்க வேண்டியவன், வீட்டுப் பங்குச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வேலைக்குப் போய் உட்கார்ந்திருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா என்ன சொல்லிச் சமாளித்தாளோ.

அதன் பிறகு பேச்சே இல்லை.

ஒரு சாரி சொல்லிவிட்டால் என்ன?

சொல்லத் தெரியாதவனா? ஃப்ரிட்ஜ் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் அவனுக்கு அதுதானே பிழைப்பு. பார்ட்ஸ் வரவில்லை, சாரி. மெக்கானிக் லீவு, சாரி. எதிராளி சொன்னது காதில் விழாவிட்டால் இழுத்து ஒரு சாரி. தும்மினால் ஒன்று. துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கி ஒன்று. கத்துகிற கஸ்டமரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “சாரி சார்.”

இந்த ஆட்டோவில் ஏறும்போதுகூட யாருடைய பையையோ மிதித்துவிட்டு ஒன்று சொன்னான்.

அதையே எடுத்து அக்காவிடம் நீட்ட அவனுக்குக் கூசியது.

மன்னித்துவிடு என்று சொல்லலாம். அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. வசனம் பேசுகிற மாதிரி இருக்கும்.

அக்கா வெளியே பார்த்தபடி வந்தாள். மெலிந்து போயிருந்தாள்.

வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அவன் செருப்பு அவள் காலில் பட்டுவிட்டது.

யோசிப்பதற்குள் கை போய்விட்டது. அவள் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விவரம் தெரிந்த நாள் முதல் பழகிய கை. அதற்குச் சண்டை கிண்டை ஒன்றும் தெரியாது.

அக்கா திரும்பினாள். இதற்கு எல்லோரும் சொல்கிற “பரவாயில்ல”யை அவள் சொல்லவில்லை.

“இப்போ காலுதானடா பட்டுச்சு.”

கண் கலங்கியிருந்தது.

மார்க்கெட்டில் நாலு பேர் இறங்கினார்கள். இப்போது நிறைய இடம். யாரும் யார் மேலும் படாமல் உட்காரலாம்.

அவன் தன் கால்களைச் சீட்டுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

பிறகு குனிந்து, அக்காவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.