ஆளுக்கு ஒரு மடக்கு

ரெண்டு லட்சம் கொடுத்து வாங்கிய அமெரிக்க போர்பன் விஸ்கியை, சிநேகிதர்கள் எல்லாரும் ஒன்றுசேரும் நாளுக்கென்று பதினெட்டு வருஷம் பூட்டி வைத்திருந்தார் ஞானதுரை. கடைசியில், குழாய் ரிப்பேருக்கு வந்த முனிராஜை உட்காரவைத்துத்தான் அதைத் திறந்தார். முனிராஜ் வழக்கம்போல விரலை நனைத்து, "செத்துப்போன எங்கண்ணனுக்கு" என்று ஒரு சொட்டைத் தரையில் தெளித்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். ஞானதுரை அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கிளாஸைச் சாய்த்து, "சேவியருக்கு" என்று ஒரு மடக்கைத் தரையில் ஊற்றினார். "கோதண்டத்துக்கு." "நசீருக்கு." கிளாஸ் காலியானது. மறுபடி நிரப்பினார். "பெரிய ராஜுவுக்கு. சின்ன ராஜுவுக்கு." காலைத் தூக்கி வைத்துக்கொண்ட முனிராஜ் மெல்லக் கேட்டான்:

"குடுத்த காசுக்கு வொர்த்துதானா சார்?"

"தெரியலப்பா" என்றார் ஞானதுரை, மூன்றாவது தடவை நிரப்பிக்கொண்டே. "இன்னும் என் வாய்க்கு வந்து சேரல."