நாற்காலிக்கும் வலிக்கும்

“இன்னைக்குக் காலையில சாக்ஸ் காணோம்னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டீங்க.” கண்ணை மூடியபடியே சொன்னார் தியான ஆசிரியர்.

வங்கி மேலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்துக் கடை மாடியில் இருந்த அந்தத் தியான அறைக்கு அவர் வருவதே இன்றுதான் முதல் தடவை. இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

“போன வாரம் ரிமோட்டைச் சுவத்துல வீசி அடிச்சீங்க. நேத்து உங்க மாமனாரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்க. அதை என் வாயால சொல்ல முடியாது.”

“குருஜி!” தடாலென்று காலில் விழுந்தார் மேலாளர். ஊரில் உள்ள குருமார்களை எல்லாம் சலித்து எடுத்தவர் அவர். காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்றுகூட ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன நோட்டீஸ் இப்படி ஒரு ஞானியிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று யார் கண்டார்கள்!

“என் சம்சாரம் பெட்டி கட்டி ரெடியா வெச்சிருக்கா குருஜி. இந்த வாரத்துக்குள்ள நான் மாறலைன்னா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிடுவாளாம். ‘லிஃப்ட்ல கூட வர்ற மனுஷங்க முகத்தை ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா, அங்கயும் போன்ல கத்தல்தானே’ன்னு கேக்கறா.”

“நியாயமான கேள்வி.” ஆசிரியர் கொஞ்சம் வேகமாகவே சொன்னார். அவர் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தவக்கனல் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

உபதேசம் ஆரம்பமானது. வீட்டுக்குள் பூனை நடைதான் நடக்க வேண்டும். பேச்சு பக்கத்தில் இருப்பவர் காதுக்கு மட்டும் போக வேண்டும். தியானத்துக்குக் கூடம் முழுக்கத் தடிமனான கம்பளம் விரிக்க வேண்டும்.

“நாற்காலியை இழுக்கவே கூடாது. தூக்கித்தான் வைக்கணும். அதுக்கும் வலிக்கும்.”

“ஆஹா! நாற்காலிக்குள்ளயும் ஒரு ஜீவன்!” மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “காலையில ஸ்கிப்பிங் பண்ணலாமா குருஜி?”

“கூடவே கூடாது! நீங்க குதிச்சா உங்க அகங்காரமும் சேர்ந்து குதிக்கும்!” அமைதியே உருவான ஆசிரியர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

சிஷ்யர் ஒன்றையும் விடவில்லை. சாக்ஸைக்கூடச் சத்தமில்லாமல் தேடினார். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று வங்கி ஊழியர்கள் பயந்துபோனார்கள். வாரக் கடைசியில் அவர் மனைவி பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். எந்தப் புண்ணியவானோ, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

அந்தப் புண்ணியவான் ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு கண் தானாகச் சொருகியது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்த அவர் மனைவி, அண்ணாந்து பார்த்துவிட்டு நம்ப முடியாமல் கேட்டாள்.

“ஏங்க, மேல் வீட்டுக்காரர் காலி பண்ணிட்டாரா?”