நெற்றியை விட்டு இறங்காத கை

குகைக்குள் நுழையும் காலை வெயில் பூசை மேடையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. மேடைமேல் விரல் நீள வெண்கல ஆள், முதுகை வளைத்து, முஷ்டியை நெற்றியில் வைத்து வணங்கியபடியே இருக்கிறான். எகிப்துக்குக் கப்பலேறிய தாமினு பத்திரமாகத் திரும்ப, அவனுக்குப் பதிலாக நின்று வேண்டிக்கொள்ள வார்த்த பொம்மை. தாமினுவின் உடல் நேற்றுக் கரை ஒதுங்கியது. அவன் மனைவி இதாயா பொம்மையின் கையைக் கீழே இறக்கப் பார்க்கிறாள். அவள் கட்டைவிரல்தான் கிழிகிறது. “போதும், எறக்குடா. இன்னும் யாருக்காகக் கும்புடுற?” பூசாரிச்சி எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்தபடி அதட்டுகிறாள்: “ஆத்தாவுக்குக் குடுத்ததத் தொடாத. ஒம் புருசன் செத்ததுக்கு அது என்னடி பண்ணும்?” “ஒண்ணும் பண்ணலன்னுதான் நானும் சொல்றேன்.” பின்னாலிருந்து, பளபளக்கும் புதுப் பொம்மையை நெஞ்சோடு அணைத்திருக்கும் ஓர் இளம்பெண் தயங்கிக் கேட்கிறாள்: “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரு இன்னைக்குக் கப்பல் ஏறுறாரு.” இதாயா தன் பொம்மையை ஓரமாக நகர்த்துகிறாள். மேடையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்து, இடம் விடுகிறாள்.