இப்போதா, பிறகா?

"அதான் காலையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கே, அமுக்கித்தான் விடுங்களேன் அண்ணாச்சி" என்றாள் டீக்கடை சுப்புத்தாய்.

சங்கையா உள்ளங்கையில் இருந்த போனையே பார்த்தார். புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே நிறுவவா, பிறகா என்று திரை கேட்டது. நிறுவினால் அரை மணி நேரம் போன் செத்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்துவிட்டால்?

ஜீப்பைப் பார்ப்பதுதான் சங்கையாவின் வேலையே. ஊருக்குப் பிரியும் விலக்கில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மெயின் ரோட்டைக் கவனிக்க வேண்டும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் பட்டாசுப் பட்டறைக்குப் போன் போட வேண்டும். அங்கே நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருப்பார்கள். போன் வந்ததும் கூடுதல் ஆட்கள் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது அறைக்கு நாலு பேர் சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள். டீ குடிக்கச் சம்பளம் வாங்குகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்று சுப்புத்தாய் கேலி பேசுவாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சங்கையாவின் மனைவி பஞ்சம்மாள். முந்தாநாள் மருந்துத் தட்டு ஒன்று தானாகப் புகைந்ததாம். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்களாம். ராத்திரி சோறு போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். இனிமேல் போகாதே என்று சங்கையா கெஞ்சிப் பார்த்தார். மகள் ஆர்த்தி படிப்பை முடிக்கிற வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"நீங்க ரோட்டுல காவலுக்கு இருக்கையில எனக்கு என்ன பயம்?"

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன் அடித்தது. பட்டறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் முனியராஜ். ரோடு எப்படி என்று கேட்டான். சும்மாதான் கிடக்கிறது என்றார் சங்கையா. போன் ரெண்டு நாளாக நின்று நின்று வேலை செய்வதையும், அப்டேட் கேட்பதையும் சொன்னார்.

"எதையாவது போட்டுச் சரி பண்ணி வைங்க அண்ணாச்சி. இன்னிக்கு லோடு ஏறணும். உங்க போன் வராம நான் மாட்டினேன்னா உங்களுக்கும் வேலை இல்ல, உங்க வீட்டம்மாவுக்கும் வேலை இல்ல."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்புறமும் சங்கையா அமுக்கவில்லை. தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். கோழி ஏற்றிப் போகிற வேன். மறுபடி உட்கார்ந்தார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. திரை கேட்டது, பிறகு என்றார்.

சுப்புத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது. அவள் போனும் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிறகு பிறகு என்று தள்ளிப் போட்டதில் ஒருநாள் யாரைக் கூப்பிட்டாலும் போகாமல் நின்றுவிட்டதாம். அவசரத்துக்கு உதவாத போனை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளவா முடியும் என்று கேட்டாள்.

சங்கையா கண்ணுக்கு மேல் கையை வைத்து தூரத்துப் பாலம் வரைக்கும் ரோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு 'இப்போதே' என்பதை அமுக்கினார். திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுப்புத்தாய் டீயை ஆற்றிக் கொடுப்பதற்குள் வெள்ளை ஜீப் விலக்கில் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்று.

"இந்தாங்க, எம் போன்ல கூப்பிடுங்க. சீக்கிரம்" என்று அவள் தன் போனை அவர் கையில் திணித்தாள்.

யாருக்கு இப்போது நம்பர் ஞாபகம் இருக்கிறது? முனியராஜின் நம்பர் செத்துக் கிடந்த போனுக்குள் இருந்தது. சங்கையா ஏதோ பத்து எண்களைத் தட்டினார். கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் எடுத்து யார் வேண்டும் என்றாள். ஜீப்புகள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் பட்டறைக்குச் சீல் வைத்தாயிற்று. முனியராஜ் பைக்கில் வந்து இறங்கி, வாயில் வந்தபடியெல்லாம் ஏசினான். சங்கையா போனை நீட்டினார். புதுப்பித்துவிட்டதாகத் திரை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அவர ஏசாதீக. நான்தான் அமுக்கச் சொன்னேன்" என்றாள் சுப்புத்தாய்.

தானும் அதைத்தான் சொன்னோம் என்பது முனியராஜுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். பஞ்சம்மாள் தூக்குவாளியோடு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். கையெல்லாம் மருந்து. கண்ணெல்லாம் கோபம்.

"ஒரு போன் போடத்தான உங்கள இங்கன உக்கார வச்சிருக்கு. அதைக்கூடப் போட முடியலையாக்கும். இனி ஆர்த்திக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவள் முழுசாக நின்று திட்டுவதே சங்கையாவுக்குப் போதுமாக இருந்தது. பட்டறைக்குள் என்ன நடக்கிறதென்று அதிகாரிக்கு நேற்றே போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். இன்றைக்கு ஜீப் பாலத்தில் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு 'இப்போதே' என்று அமுக்கியதும் அவர்தான்.